சுற்றுப்பயணப் பட்டியலில் இல்லாத ஊர்

“பறை கடல் கடந்து போயாச்சு, நாட்டுப்புறப் பாடகர் விமானத்துல பறக்குறார், இன்னும் என்னங்க சாதி சாதின்னு?”

இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் சங்கிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பேத்கர் படத்தை செல்பேசி முகப்பில் வைத்திருக்கும் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தொனி மட்டும் வேறு. “பாருங்க தோழர், நம்ம பறை எங்க போயிருச்சுன்னு!” முதலாமவர் ஏளனமாகச் சொல்வதை இரண்டாமவர் பெருமையாகச் சொல்கிறார். இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: மேடை ஏறியாச்சு, வேலை முடிஞ்சாச்சு.

வேலை முடியவில்லை. ஒரு கலைஞரின் சுற்றுப்பயண வரைபடத்தைச் சாதி ஒழிப்பின் வரைபடமாக வாசிப்பது இன்றைய இளம் முற்போக்காளர்களிடம் பரவிவரும் சோம்பேறித்தனம். அந்த வரைபடத்தில் எந்த ஊர் இருக்கிறது என்பதைக் கொண்டாடுகிறோம். எந்த ஊர் இல்லை, ஏன் இல்லை என்று கேட்பதில்லை. இதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

நான் இருப்பது கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருமுட்டம் என்று சொன்னால் வயதானவர்களுக்குச் சட்டென்று விளங்கும். தென்னார்க்காட்டு இழவுப் பாடல்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வுக்கு அப்பால் நான் ஒரு ரசிகன். தெருக்குரல் அறிவு எந்த ஊரில் பாடுகிறார், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் எந்த மேடையில் ஏறுகிறது, மார்கழியில் மக்களிசை இந்த முறை எங்கே, புத்தர் கலைக்குழுவின் மணிமாறனும் மகிழினியும் எங்கே பறை அடிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்ப்பவன். நேரில் பார்த்தது குறைவு. இங்கிருந்து விருத்தாசலம் வரை பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில், நுழைவுச்சீட்டு, இரவு தங்கல், திரும்பி வருதல் என்று கணக்குப் போட்டால், மாதம் தவறாமல் வராத ஆய்வு உதவித்தொகையில் அது கட்டுப்படியாகாது. ஆகவே பெரும்பாலும் செல்பேசித் திரையில்தான்.

இத்தனைக்கும் இது பயணம் தெரியாத ஊர் அல்ல. மாசி மகத்துக்குப் பூவராகசாமி இங்கிருந்து கிளம்பிக் கிள்ளைக் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தவாரி முடித்துத் திரும்புகிறார். கிள்ளையில் முஸ்லிம்கள் சாமியை வரவேற்று மரியாதை செய்வார்கள். மத நல்லிணக்கத்துக்கு நாமெல்லாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அது. சாமி எந்த நாளில் எந்த ஊரில் இருப்பார் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். சென்னையில் டிசம்பர் சீசன் என்றால் சபா வாரியாக, மணி வாரியாகக் கச்சேரிப் பட்டியல் அச்சாகிவிடும். எங்கள் தெருவில் பறையடிப்பவரின் பயணத்துக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. யார் வீட்டில் எழவு விழுகிறதோ அதுதான் அவருடைய அடுத்த ஊர்.

ஒரே தோல், ஒரே சிம்புக்குச்சி, ஒரே அடிக்குச்சி. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சும் முறையும் ஒன்றுதான். ஒரு பறைக்கு சுவரொட்டி, ஒளியமைப்பு, கைத்தட்டல். இன்னொரு பறைக்கு “எலேய், இன்னும் மேளக்காரனுங்க வரலையா?” என்ற அதட்டல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் தூரத்து ரசிகர்கள் அளக்க வேண்டும்.

தூரத்திலிருந்து கேட்பது அற்பமான காரியம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை அந்நாட்டு அரசு 1950இல் பறித்தது. இனவெறியை எதிர்த்துப் பேசினார், தொழிலாளர் பக்கம் நின்றார் என்பதே குற்றம். எட்டு ஆண்டுகள் அவரால் கடல் கடந்து போய்ப் பாட முடியவில்லை. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 1957 மே 26 அன்று லண்டனில் ஒரு அரங்கத்தில் திரண்டார்கள். ராப்சன் நியூயார்க்கில் நின்று பாட, அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த தொலைபேசிக் கம்பி வழியாக அந்தக் குரல் அரங்கத்துக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களும் அதே முறையில் அவர் பாட்டைக் கேட்டார்கள். அந்தத் தூரத்து ரசிகர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுக் கலையவில்லை. அவருடைய கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடு என்று இயக்கம் நடத்தினார்கள். 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் விளைவாக அது திரும்பக் கிடைத்தது.

நமக்கும் அப்படி ஒரு மரபு உண்டு. கே.ஏ. குணசேகரன் பாடியதை நேரில் கேட்டவர்களைவிட கேசட்டில் கேட்டவர்கள் அதிகம். கீழவெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையிலிருந்து எழுந்த இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டு அவர் குரலில்தான் சேரிகளுக்குள் வந்தது. ஒரே கேசட் தேய்கிற வரைக்கும் பத்துத் தெரு சுற்றும். கேட்டவர்கள் கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள், வழக்குக்கு அலைந்தார்கள். அவர் இறந்தது 2016 ஜனவரி 17. ஹைதராபாத்தில் ரோகித் வெமுலா உயிரை விட்டதும் அதே நாள். பாடிய தலைமுறையில் ஒருவரையும் கேட்டு வளர்ந்த தலைமுறையில் ஒருவரையும் ஒரே நாளில் இழந்தோம்.

கேசட் போய் செல்பேசி வந்ததில் கேட்பது சுலபமாகிவிட்டது. கேட்டபின் செய்ய வேண்டியது மட்டும் நின்றுபோனது. அதை மறுபடி தொடங்க வேண்டுமானால் எங்கோ இருந்து பார்க்கும் ரசிகர் மூன்று விஷயங்களைக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறேன்: பெயர், கூலி, தெரு.

பெயர்

‘என்ஜாய் என்ஜாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா திரும்பிய குடும்பம் அறிவினுடையது. அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அறிவை வைத்து ஒரு மின்னிதழ் அட்டை வந்தது.

மறு ஆண்டு, 2022 ஜூலை 28. சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்க்கும் மேடையில் அந்தப் பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால் வர இயலவில்லை என்று சந்தோஷ் நாராயணன் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. பாட்டை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கலைஞர் ஒரு கண்டத்தில், பாட்டு இன்னொரு கண்டத்தில். அப்படி இருக்கும்போது பாட்டோடு அவர் பெயரும் பயணம் செய்கிறதா என்று கவனித்தவர்கள் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். ஊரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள்.

அந்தக் கவனிப்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. அறிவுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் கிடாக்குழி மாரியம்மாளை ‘அறிவுக்குப் பதிலாக நிறுத்தப்பட்ட ஆள்’ என்ற அளவில் பேசிவிட்டுக் கடந்தார்கள். அவரும் ஒரு நாட்டுப்புறப் பாடகர். கிராமத்துப் பாட்டைத் தொண்டையில் சுமந்து வந்தவர். ஒருவர் பெயருக்காகப் போராடும்போது இன்னொருவர் பெயரைக் கீழே போட்டுவிட்டால் அது ரசிகர் மன்ற வேலை, சாதி எதிர்ப்பு வேலை ஆகாது.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சுட்டெடுத்த அகல்விளக்கும் பொம்மையும் எங்கெங்கோ போய்ச் சேருகின்றன. அதைச் செய்த கை யாருடையது என்று வாங்குபவர் கேட்பதில்லை. நாட்டுப்புறப் பாட்டையும் சினிமாவும் தொலைக்காட்சியும் நெடுங்காலம் அப்படித்தான் வாங்கின. ‘பாடல்: நாட்டுப்புறம்’ என்று ஒரு வரி போட்டால் கணக்கு முடிந்தது. நாட்டுப்புறம் என்று ஒரு ஆள் கிடையாது தோழர்களே. அதற்கு ஒரு ஊர் உண்டு, ஒரு தெரு உண்டு, நடவு வயலில் முதலில் அந்த மெட்டை எடுத்துக் கொடுத்த ஒரு அக்கா உண்டு. கள ஆய்வில் நான் பதிவு செய்த பாட்டிகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எம்பேரு வருமா தம்பி?” என்பதுதான். முனைவர் பட்ட நெறிமுறை பற்றி அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கூலி

2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்றாண்டு நிறைந்த நேரத்தில், அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கில் பார்க்கப்பட்ட பாட்டு அது. சினிமாவில் பெயர் பெற்ற இசையமைப்பாளரே இப்படிச் சொல்ல நேர்கிறது என்றால், பேர் தெரியாத பறைக்குழுவின் நிலைமை என்ன?

பெரிய நிறுவனங்களைத் திட்டுவது சுலபம். நம் வீட்டுக்குள் வருவோம். முற்போக்கு இயக்கங்கள் நடத்தும் ஒரு மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தல்காரருக்கு முன்பணம் உண்டு. மைக்செட்காரருக்கு முன்பணம் உண்டு. ஃபிளெக்ஸ் அடிப்பவருக்குக் கடன் சொன்னால் ஃபிளெக்ஸ் வராது. சிறப்புப் பேச்சாளருக்கு வண்டி ஏற்பாடு உண்டு. பறைக்குழுவிடம் மட்டும், “நம்ம நிகழ்ச்சிதானே தோழர், வழிச்செலவு பார்த்துக்கலாம்” என்கிறார்கள். ஏன்? பந்தல்காரர் தொழிலாளி, பறையடிப்பவர் ‘உணர்வாளர்’. உணர்வாளர் என்று பட்டம் கொடுத்துக் கூலியைப் பிடித்துக்கொள்வது ஊர்ப் பண்ணையாருக்குக்கூடத் தெரியாத வித்தை. அவராவது அரிசியும் வேட்டியும் சாராயமும் கொடுத்து அனுப்பினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலைவர் காரிலிருந்து இறங்கும்போது பறை முழங்க வேண்டும். மேடை ஏறியதும் பறை நிற்க வேண்டும். தலைவர் பேசும்போது கலைஞர்கள் மேடைக்குப் பின்னால் பொட்டலச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கொடியின் நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் இது எந்தக் காலத்துக் காட்சி? வருகிறவருக்கு முன்னால் நடந்து அடிப்பதும், அவர் வந்து சேர்ந்ததும் ஒதுங்கிக்கொள்வதும் நம் பாட்டன்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வேலை. அதையே நீலக் கொடி, கறுப்புக் கொடி, சிவப்புக் கொடிக்குக் கீழே செய்யச் சொல்வதற்கு ‘பண்பாட்டுப் போராட்டம்’ என்று பெயர் வைக்காதீர்கள்.

கல்லூரி விழாக்களும் இதே கதைதான். சினிமாப் பாடகர் வந்தால் ஒப்பந்தம், முன்பணம், தங்கும் விடுதி. நாட்டுப்புறக் குழு வந்தால் சால்வை, சான்றிதழ், ஒரு நினைவுப் பரிசு. சால்வையை வைத்து டீசல் போட முடியாது.

தெரு

என் தாத்தா பறையடித்தார். அவர் கேட்டு அடிக்கவில்லை, கேட்காமல் விதித்ததால் அடித்தார். ஊர்த்தெருவில் எழவு என்றால் உடம்புக்கு முடியாத நாளிலும் போயாக வேண்டும். என் அப்பா அந்தக் குச்சியைக் கையால் தொடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு மிரட்டியபோதும் தொடவில்லை. விலையாக எங்கள் குடும்பத்துக்கு ஊரில் கூலி வேலை நின்றது. அவர் முந்திரிக் காட்டு வேலைக்கு வெளியூர் போனார். அந்தப் பணத்தில் நான் படித்தேன். இன்று நான் திண்ணையில் உட்கார்ந்து செல்பேசியில் பறை நிகழ்ச்சி பார்க்கும்போது அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். அவருக்கு அந்த ஓசை விடுதலை ஓசை அல்ல. எனக்கு அது விடுதலை ஓசை. இரண்டும் உண்மை.

அப்பா தனி ஆள் அல்லர். எங்கள் பக்கத்து ஊரான காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர் எல். இளையபெருமாள். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1969இல் அறிக்கை கொடுத்தவர். சாவுக்குப் பறையடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது போன்ற இழிவுகளை விட்டொழிக்கச் சொல்லி இந்த மண்ணில் போராடியவர். அவருடைய தன்வரலாறான ‘சித்திரை நெருப்பு’ நம் இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம். அந்தத் தலைமுறைக்குப் பறையைக் கீழே வைப்பதுதான் புரட்சி.

அடுத்து வந்த தலைமுறை பறையைக் கையில் எடுப்பதைப் புரட்சி ஆக்கியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. சாவுக்கு ஆண்கள் அடித்த கருவியை உரிமைக்குப் பெண்கள் அடித்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுக்கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது, அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லையே குழுவின் பெயராக ஏந்தி வந்தது.

கீழே வைத்தவர் சரியா, கையில் எடுத்தவர் சரியா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. இருவரையும் இணைக்கும் சொல் ஒன்று உண்டு: மறுக்கும் உரிமை. வேலு ஆசான் ஒரு நிகழ்ச்சிக்கு வர முடியாது என்று சொன்னால் அது அவருடைய விருப்பம். எங்கள் தெருக்காரர் ஒரு சாவுக்கு வர முடியாது என்று சொன்னால் அது ஊர்க்கட்டுப்பாட்டை மீறிய குற்றம். முதலாமவருடையது கலை. இரண்டாமவருடையது கட்டாய வேலை. பட்டியல் சாதியினரைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதைத் தடை செய்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. புகார் கொடுக்கப் போகிறவருக்குத் துணையாக நடக்க நாலு பேர் இல்லை. பத்தாயிரம் பேர் பறை நிகழ்ச்சிக் காணொளியைப் பகிர்கிற நாட்டில் அந்த நாலு பேர் ஏன் கிடைப்பதில்லை?

“பறை எல்லாத் தமிழருக்கும் பொது”

இங்கே ஒரு வாதம் வரும். பறை ஆதித் தமிழர் இசை, அதைச் சாதிக்குள் அடைக்காதீர்கள் என்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் தமிழ்ப் பிள்ளைகள் சாதி பார்க்காமல் பறை கற்கிறார்களே என்பார்கள். கற்கட்டும். மகிழ்ச்சி. யார் அடிப்பது என்பதில் எந்தத் தடையும் போட எனக்கு ஆசையில்லை.

ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். பறையை எல்லோருக்கும் பொது என்று சொல்பவர்கள் எழவு வீட்டு அழைப்பையும் பொதுவாக்கத் தயாரா? ஊரில் அடுத்த சாவுக்கு எல்லாச் சாதி இளைஞர்களும் முறை வைத்துப் பறையடிப்பார்களா? இசையின் பெருமை பொதுச் சொத்து, இசையின் இழிவு எங்கள் தெருவின் தனிச் சொத்து என்றால் அந்தப் பாகப்பிரிவினை யார் எழுதியது? பறையைத் தமிழர் அடையாளம் என்று மார்தட்டுபவர், பறையடிப்பவர் மகனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கும்போது எந்த அடையாளத்தைத் தேடுகிறார்? ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. வரவேற்கிறோம். சொல்லை எடுத்த இடத்தில் சுவர் அப்படியே நிற்கிறது.

பகைவரும் பின்தொடர்கிறார்

நம்மைவிடக் கருத்தாகக் கலைஞர்களைப் பின்தொடரும் கூட்டம் ஒன்று உண்டு. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் இசைவாணி பாடிய சபரிமலை பற்றிய பாட்டு பல ஆண்டுகளுக்கு முந்தையது. 2024 நவம்பரில் அதைத் தோண்டியெடுத்துப் புகார் கொடுத்தார்கள், ஆபாசமாகத் திட்டினார்கள், மிரட்டினார்கள். அவர்கள் எதையும் மறப்பதில்லை. எந்த மேடையில் எந்த வரி என்று அவர்களிடம் பதிவேடு இருக்கிறது.

அரசும் பின்தொடரும். டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் பாடகர் கோவனை 2015 அக்டோபர் 30 அன்று விடியுமுன் வீட்டுக்கு வந்து கைது செய்தார்கள். போட்ட பிரிவு தேசத்துரோகம். பஞ்சாபில் பந்த் சிங் என்ற தலித் பாடகர், தன் மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு நீதிமன்றம் வரை போராடித் தண்டனை வாங்கிக் கொடுத்தவர். 2006 ஜனவரியில் ஆதிக்க சாதியினர் அவரை அடித்துச் சிதைத்தார்கள். இரண்டு கைகளும் ஒரு காலும் போயின. அதன் பிறகும் பாடினார்.

வெறுப்பவர்கள் அமைப்பாக நின்று பின்தொடர்கிறார்கள். நேசிப்பவர்கள் தனித்தனியாக, ஆளுக்கொரு திரையில் பின்தொடர்கிறார்கள். கலைஞருக்கு ஆபத்து வரும் நாளில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடும்.

பட்டியலில் எங்கள் ஊர்

சரி, என்ன செய்யலாம்? பெரிய கோட்பாடு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ரசிகரும் தன் ஊரிலிருந்து செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று. பேருந்து நிலையம் இருக்கிற ஒவ்வொரு சிற்றூரும் சுற்றுப்பயணப் பட்டியலில் இடம் கேட்க வேண்டும். சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் வந்தது. கிராமத்துக் கலைஞர்களை மாநகரப் பூங்காக்களுக்கு அது கூட்டி வருகிறது. அவர்கள் திரும்பிப் போகும் ஊரில் மேடை போட ஆள் இல்லை. 2020 டிசம்பரில் சென்னையில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை அடுத்த ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் போனது. அதுதான் சரியான திசை. இன்னும் கொஞ்சம் நடந்தால் விருத்தாசலம், அதையும் தாண்டினால் ஸ்ரீமுஷ்ணம். எங்கள் வட்டாரத்துக்குக் குரல் பஞ்சமில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்து முதனையில் பிறந்த வேல்முருகன், 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ படத்தில் பாடித் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பாடகரானார். இங்கிருந்து குரல் வெளியே போகிறது. வெளியிலிருந்து மேடை உள்ளே வரவில்லை.

இரண்டு. வரும் குழு உள்ளூர்ப் பறைக்குழுவோடு சேர்ந்து மேடையேற வேண்டும். சுவரொட்டியில் உள்ளூர்க் கலைஞர்களின் பெயரும் படமும் அதே அளவில் இருக்க வேண்டும். சாவுக்கு மட்டும் ‘மேளக்காரன்’ என்று அழைக்கப்பட்டவரை ஊரே திரண்ட கூட்டத்தில் பெயர் சொல்லி, ‘அவர்’ போட்டு அழைப்பது சின்ன விஷயமில்லை. அந்த மேடை ஊருக்கும் சேரிக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். சேரிக்குள் போட்டுவிட்டு ‘மக்களிடம் போனோம்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

மூன்று. நம் அமைப்புகள் இன்றே ஒரு தீர்மானம் போடலாம்: முன்பணம் கொடுக்காமல் எந்தக் கலைஞரையும் அழைப்பதில்லை. பேச்சாளருக்கு என்ன மரியாதையோ கலைக்குழுவுக்கும் அதே மரியாதை. பணம் இல்லையா? ஃபிளெக்ஸைக் குறையுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாத கலைஞர்களுக்கு உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள். கல்லூரி படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

நான்கு, எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் ஊரில் யாராவது “இனி சாவுக்கு அடிக்க மாட்டேன்” என்று சொல்லும் நாளில் அவரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். அவருக்கு வேலை நிறுத்தப்பட்டால் வேலை தேடிக் கொடுங்கள். அவர் வீட்டு வாசலில் இரவு உட்காருங்கள். அறிவின் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்க முடியாத ரசிகரும் இதைச் செய்ய முடியும். இதற்குப் பஸ் கட்டணம்கூடத் தேவையில்லை.

பறை லண்டன் போகட்டும், டொராண்டோ போகட்டும், இன்னும் எட்டாத நாடெல்லாம் எட்டட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இங்கிருந்து பார்ப்பேன், ரசிப்பேன். ஆனால் அந்தக் கருவிக்கு விடுதலை வந்துவிட்டது என்று நான் நம்பப்போவது, எங்கள் ஊர்ச் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து “நாளைக்கு வர முடியுமாங்க?” என்று கேட்டு, “முடியாதுங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிற நாளில்தான்.